கேலிக்கு ஆளான பை

ஐதராபாத்தின் பாலாநகர் தொழிற்கூடங்களுக்குப் பெயர்பெற்ற பகுதி. லேத் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் நெருங்கி நிற்கும் அவ்விடத்தில் ஓர் அமைதியான வளாகமும் உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தேசியத் தொலையுணர்வு மையத்தின் தலைமையகம் அது. 1974இல் தனி முகமையாகத் தோன்றி, 2008 முதல் அந்நிறுவனத்தின் ஓர் அங்கமாக இயங்கிவரும் அம்மையத்தின் பணிகளுள் ஒன்று, இன்னும் வராத துன்பத்திற்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்வது. மேகம் மூடிய பகலிலும் இருள் சூழ்ந்த இரவிலும் நிலத்தைக் காணவல்ல ரேடார் செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டு, எவ்வூரை வெள்ளம் சூழ்ந்துள்ளது என்னும் வரைபடத்தை அது மாநில அரசுகளுக்கு அளிக்கிறது. 2023இல் அது வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பு, நாட்டின் 147 மாவட்டங்களை ஆபத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தியது. அவ்வரிசையில் கேரளத்தின் வயநாடு 13ஆம் இடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே, 2024 ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் மலைச்சரிவு வாரிக்கொண்டு சென்றது.

வராத துன்பத்தை எண்ணி வரைபடம் தீட்டும் அம்மையத்தை எவரும் நகைப்பதில்லை. அரசு செய்தால் அது அறிவியல். செயற்கைக்கோள் செய்தால் அது சாதனை. அதே வேலையைப் பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி தன் பள்ளிப்பையின் அளவிற்குச் சுருக்கிச் செய்தால் மட்டும் வகுப்பறை சிரிக்கிறது. பையில் இருப்பவை ஒரு விசில், உள்ளங்கையில் அடங்கும் டார்ச் விளக்கு, காயத்திற்குக் கட்டும் துணி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தண்ணீர், பெற்றோரின் தொலைபேசி எண்கள் எழுதிய தாள் ஆகியவை. இவற்றின் எடை ஒரு பாடநூலின் எடைக்கு மேல் இராது. ஆயினும் அவளுக்கு ‘நடமாடும் மருந்துக்கடை’ என்று பெயர் விழுகிறது. மழைக்கு முன் மேகம் திரண்டால், “இன்று உலகம் அழியுமா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கும். இரண்டு மாதம் இப்படிச் சென்றால் விசில் வீட்டு இழுப்பறைக்குப் போய்விடும். கேலி வென்றுவிட்டது என்பது இதன் பொருள். ஆபத்து குறைந்துவிட்டது என்பதன்று.

பட்டறைகளிலும் இதே கதைதான். லேத் எந்திரத்தில் இரும்பைக் கடையும்போது சூடான சீவல்கள் தெறிக்கும். சாணைச் சக்கரத்தில் தீட்டும்போது பொறி பறக்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடியின் விலை, கண்ணில் விழுந்த இரும்புத் துகளை எடுக்க மருத்துவரிடம் கொடுக்கும் கட்டணத்தைவிடக் குறைவு. இருந்தும், புதிதாகச் சேர்ந்த பயிற்சித் தொழிலாளி அக்கண்ணாடியை அணிந்து நின்றால், மூத்தோர் சிலர் அவனை ‘திரைப்பட நாயகன்’ என்று அழைப்பது பல தொழிற்பேட்டைகளில் காணும் வழக்கம். அஞ்சாமை என்பது கண்ணாடி அணியாமை என்று எப்படியோ பொருள்பட்டுவிட்டது.

தமிழர் வாழ்வுக்கு இத்தகைய ஆயத்தம் புதியதன்று. பாட்டிமார் முந்தானையில் முடிந்து வைத்த காசு பேருந்துக் கட்டணத்திற்காக மட்டும் இருந்ததில்லை. வழியில் எது நேரினும் வீடு திரும்புவதற்கான காப்பு அது. வளையலில் கோத்த ஊக்கு, சமையலறை மாடத்தில் இடம் மாறாத தீப்பெட்டி, துடைத்து எண்ணெய் ஊற்றி மாட்டிய அரிக்கேன் விளக்கு, அஞ்சறைப்பெட்டிக்கு அருகில் சுக்கும் ஓமமும். இவற்றைப் பார்த்து எவரும் ‘உலகம் அழியுமா’ என்று கேட்டதில்லை. அப்பழக்கத்திற்குத் தனிப் பெயர் இல்லாததால் அது குடும்பப் பொறுப்பின் பகுதியாகவே கருதப்பட்டது. பெயரும் பையும் வந்தபின்தான் நகைப்பும் வந்தது போலும். இன்னொரு காரணமும் உண்டு. கைப்பேசியைத் தொட்டால் பத்து நிமிடத்தில் எதுவும் வாசலுக்கு வரும் நகரத்தில், எதையும் முன்னரே வைத்திருப்பது பழைய காலத்து அச்சமாகத் தோன்றுகிறது.

அந்தப் பத்து நிமிட நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதை ஐதராபாத் 2020 அக்டோபர் 13, 14 ஆகிய நாள்களில் கண்டது. பாலாநகருக்கு அண்மையிலுள்ள பேகம்பேட்டை வானிலை நிலையத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 19 செ.மீ. மழை பதிவாயிற்று. அக்டோபர் மாதத்தில் அந்நகரில் அதற்குமுன் ஒரு நாளில் அவ்வளவு மழை பதிவானதில்லை. நகரின் தென்பகுதியில் ஏரிக்கரைகள் உடைந்து, குடியிருப்புகளுக்குள் இரவில் வெள்ளம் புகுந்தது. சாலையில் சென்ற மகிழுந்துகள் மிதந்தன. பல இடங்களில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் இல்லாத வீட்டில் கைப்பேசியும் சில மணி நேரத்தில் உயிரற்றுப்போகும். அந்த இருளில், ஐம்பது ரூபாய் டார்ச் விளக்கு எந்த அலமாரியில் உள்ளது என்று அறிந்த வீட்டிற்கும் அறியாத வீட்டிற்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்திருக்கும். கழுத்தளவு நீரில் கூவும் குரல் விரைவில் ஓய்ந்துவிடும். விசிலுக்கு அவ்வளவு மூச்சு வேண்டியதில்லை, அதன் ஒலி மழையின் இரைச்சலையும் ஊடுருவும். இது வீரச் செயல் அன்று; எளிய இயற்பியல்.

அந்நகரத்திற்கு வெள்ளம் முன்பே ஒருமுறை பாடம் கற்பித்திருந்தது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி ஐதராபாத்தை அழித்தது. ஆற்றின் மேற்பகுதியிலிருந்த ஏரிகள் பல ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தது அழிவைப் பெருக்கிற்று. இறந்தோர் ஏறத்தாழ 15,000 பேர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. இன்றைய உசுமானியா பொது மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரம் ஒன்றில் ஏறி ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர். அடுத்த ஆண்டு பொறியாளர் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். ஆற்றின் மேற்பகுதியில் வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. உசுமான் சாகர் 1920இலும் இமாயத் சாகர் 1927இலும் நிறைவுற்றன. இன்று கண்டிப்பேட்டை என்று அழைக்கப்படும் உசுமான் சாகர் கரைக்கு மக்கள் விடுமுறையில் உலாவச் செல்கின்றனர். அது ஒரு நகரத்தின் முதலுதவிப் பை என்பது அங்கே சிற்றுண்டி உண்போருள் பலருக்கு நினைவில் இராது. நன்கு செய்யப்பட்ட ஆயத்தத்தின் இயல்பே அதுதான். அது வெற்றி பெற்றால் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாததால் அது வீண் என்று தோன்றும்.

கேலியைச் சிறு விளையாட்டு என்று ஒதுக்குவோர் பலர். “நண்பர்கள்தானே, சிரித்தால் என்ன?” என்பது அவர்களின் வாதம். கேலிக்கு உள்ளானவரின் மனவருத்தம் மட்டுமே இதில் உள்ள தீங்கு என்றால் அவ்வாதத்தை ஓரளவு ஏற்கலாம். தீங்கு அதனினும் பெரிது. சிரிப்பவர்களையே அது தாக்குகிறது. அதை விளக்க அமெரிக்க உளவியலாளர்கள் லத்தானே, டார்லி ஆகிய இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உதவும்.

ஓர் அறையில் மாணவர் ஒருவர் தாளில் வினாக்களுக்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறார். சுவரிலுள்ள துளை வழியாக வெண்புகை உள்ளே வருகிறது. தனியாக இருந்தவர்களுள் 75 விழுக்காட்டினர் ஆறு நிமிடத்திற்குள் வெளியே சென்று அதைத் தெரிவித்தனர். பிறகு ஆய்வாளர்கள், ஒவ்வொருவருடனும் வேறு இருவரை அமர்த்தினர். புகையைக் கண்டும் காணாததுபோல் எழுதிக்கொண்டிருக்கவேண்டும் என்பது அவ்விருவருக்கும் முன்பே கூறப்பட்டிருந்தது. இப்போது பத்துப் பேரில் ஒருவர் மட்டுமே புகையைப் பற்றித் தெரிவித்தார். மற்ற ஒன்பது பேரும் இருமினர், கண்ணைக் கசக்கினர், சன்னலைத் திறந்தனர். எழுந்து சென்று சொல்ல மட்டும் இல்லை. அவர்களிடம் அறிவு இல்லாமல் இல்லை, காலும் முடங்கவில்லை. அருகிலிருப்பவர் அமைதியாக இருக்கையில் தான் மட்டும் பதறினால் என்ன நினைப்பார்களோ என்னும் கூச்சம் அவர்களை நாற்காலியோடு பிணைத்தது.

அந்தக் கூச்சம் புகை வரும் நாளில் திடீரென்று பிறப்பதன்று. விசில் வைத்திருந்தவளைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு நாளும் அது சிறிது சிறிதாக ஊட்டப்படுகிறது. முன்யோசனை உடையவர் நகைப்புக்கு உரியவர் என்று நாற்பது பேர் கற்றுக்கொண்ட வகுப்பில், மின்கம்பி கருகும் நாற்றத்தை முதலில் உணர்பவர் கையை உயர்த்தத் தயங்குவார். நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். எல்லாரும் அமைதியாக இருப்பதால் எல்லாரும் அமைதியாக இருப்பர்.

பள்ளிகளில் நடைபெறும் தீ ஒத்திகையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மணி ஒலித்ததும் வரிசையாக வெளியேறவேண்டும். பெரும்பாலும் அது பாதி விடுமுறை போலவே கழிகிறது. விரைந்து நடப்பவர் ‘பயந்தாங்கொள்ளி’. கடைசியாக, சட்டைப்பையில் கைவிட்டபடி வருபவர் நாயகர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். ஒத்திகை எதற்கு என்று கேட்போருக்கு அந்த எண்ணைவிட வேறு விடை தேவையில்லை. அக்குழந்தைகள்மீது பிழை ஏதும் இல்லை. ஓலைக்கூரையும் குறுகிய வழியும் அமைத்தவர்கள் பெரியவர்கள். ஒத்திகையின்போது சிரிக்கும் பெரியவர்களும் உண்டு என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கேலியைப் பொருட்படுத்தாமல் நின்ற ஒருவரின் வரலாறு சப்பானில் உள்ளது. அந்நாட்டின் இவாத்தே மாநிலக் கடற்கரையில் ஃபுதாய் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1896இலும் 1933இலும் வந்த ஆழிப்பேரலைகள் அவ்வூரில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. 1947 முதல் நாற்பது ஆண்டுகள் ஊர்த்தலைவராக இருந்த கோதொகு வமுரா, 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தடுப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மூவாயிரம் பேர் வாழும் ஊருக்கு இத்தனை பணத்தில் இத்தனை உயரமான சுவரா என்று எதிர்ப்பு எழுந்தது; ஏளனமும் எழுந்தது. 15.5 மீட்டர் உயரமுள்ள வெள்ளத் தடுப்பு வாயில் 1984இல் கட்டி முடிக்கப்பட்டது. வமுரா 1997இல் மறைந்தார். அதுவரை அந்த வாயிலைத் தேடி எந்தப் பேரலையும் வரவில்லை. 2011 மார்ச் 11 அன்று வந்தது. அலை வாயிலைத் தாண்டிச் சிறிது தெறித்தாலும் ஊரின் வீடுகளை அது தொடவில்லை. அண்டை ஊர்கள் பல அழிந்த அந்நாளில், படகைப் பார்க்கத் துறைமுகத்திற்குச் சென்ற ஒருவரைத் தவிர ஃபுதாய் எவரையும் இழக்கவில்லை. தாம் செய்தது சரி என்பதை வமுரா தம் வாழ்நாளில் காணவே இல்லை. ஆயத்தம் செய்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் ஊதியம் இதுதான்: சரி என்று மெய்ப்பிக்கும் நாள் வராமலே இருக்கவேண்டும் என்று அவரே விரும்பவும் வேண்டும்.

இதற்கு ஒரு தமிழ்க் கடற்கரைச் சான்றும் உண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் ஊரில், சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் துணையோடு தகவல் மையம் ஒன்று இயங்கிவந்தது. கடலில் அலையின் உயரம் எவ்வளவு என்பதை நாள்தோறும் ஒலிபெருக்கியில் சொல்வது அதன் பணி. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூரார் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்திற்குள் புகுந்து அதே ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கடற்கரையை விட்டு அகன்றனர். வீடுகளும் படகுகளும் சேதமுற்றன, உயிர்கள் தப்பின. இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. தினமும் பயன்பட்டு வந்ததால்தான் ஒலிபெருக்கி அன்றும் பேசியது. பேரிடருக்கென்று பூட்டி வைத்திருந்தால் சாவியைத் தேடுவதிலேயே நேரம் போயிருக்கும். மற்றொன்று, கடல் அமைதியாக இருந்த வேளையில் “ஓடுங்கள்” என்று தொலைதூரத்திலிருந்து சொன்னவர் வீண் பதற்றக்காரர் என்று நகைக்கப்படலாம் என்னும் கூச்சத்தைத் தாண்டினார். கேட்டவர்களும் நகைக்கவில்லை. அந்தக் காலையில் அவ்வூரைக் காத்தவற்றுள் அதுவும் ஒன்று.

இவ்வளவு சொன்னதனால், பையில் எதை நிரப்பினாலும் அது முன்யோசனையாகிவிடும் என்று கொள்ளக்கூடாது. மடக்குக் கத்தியும் வண்ணக் கயிறும் வாங்கிச் சேர்த்து, திரைப்படத்துப் படைவீரர் போல் உலவுவது வேறு. பள்ளிக்குள் கத்தி கொண்டுவருவது விதிக்கும் புறம்பானது, ஆபத்தும் கூட. அப்படிப்பட்டவரைப் பார்த்துச் சிறிது சிரிப்பதில் பெரும்பிழை இல்லை. ஓயாமல் பேரழிவையே பேசி உடனிருப்போரின் உறக்கத்தைக் கெடுப்பதும் ஆயத்தம் ஆகாது. வாங்கி வைத்துவிட்டுப் பழகாமல் விடுவதோ அதனினும் வீண். அவசரத்திற்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். கசிந்துபோன மின்கலம் உள்ள டார்ச் விளக்கும், காலாவதியான மருந்தும், எப்படிக் கட்டுவது என்று தெரியாத கட்டுத்துணியும் எடையைத்தான் கூட்டும். 112 என்னும் அவசர எண்ணை அறிந்திருப்பது போதாது. நிற்கும் இடத்தின் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் பதறாமல் சொல்லப் பழகியிருக்கவேண்டும். பாலாநகர் போன்ற பகுதியில் இந்தி, தெலுங்கு, தமிழ், ஒடியா என்று பல மொழியினர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். முகவரியை மூன்று மொழிகளில் சொல்லத் தெரிந்த மாணவர் விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விடப் பயனுள்ளவர்.

செலவையும் எண்ணவேண்டும். வாடகை அறையில் ஐந்து பேர் தங்கும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளையிடம் தனிப் பை வைத்துக்கொள் என்று சொல்வது எளிது. வாங்கித் தருவது யார்? இவ்விடத்தில்தான் தனியாள் பையின் குறையும் தெரிகிறது. ஒருவரின் பையில் உள்ள ஒரு புட்டி நீர் நாற்பது பேருக்குப் போதாது. வகுப்பிற்கு ஒரு பை என்று வைத்துவிட்டால் அந்தக் குறை தீரும். செலவும் தலைக்குச் சில ரூபாயாகச் சுருங்கும். கேலிக்கும் இடமிராது, ஏனெனில் எல்லாருக்கும் சொந்தமான ஒன்றை எல்லாரும் சேர்ந்து நகைப்பது கடினம்.

அப்பை கரும்பலகைக்கு அருகில், பூட்டில்லாத கொக்கியில் தொங்கவேண்டும். விசில், இரண்டு டார்ச் விளக்குகள், கட்டுத்துணி, உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள், நீண்ட துணிக்கயிறு, பெற்றோர் எண்கள் எழுதிய பட்டியல் இவை போதும். ஆஸ்துமா உள்ளவருக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கும் உரிய மருந்து யாரிடம் இருக்கிறது என்பதும் அப்பட்டியலில் இடம்பெறவேண்டும். மாதம் ஒருமுறை மின்கலத்தைச் சோதிக்கவும், மருந்தின் நாளைப் பார்க்கவும், மாறிய தொலைபேசி எண்களைத் திருத்தவும் ஒருவர் வேண்டும். அப்பொறுப்பை முதல் மாதம் பின்வரிசையிலிருந்து “உலகம் அழியுமா” என்று கேட்டவரிடம் ஒப்படைக்கலாம். எதை எப்படிச் சோதிப்பது என்பதை அந்த மாணவி சொல்லித்தருவாள்.